பிறர் துயர் நம் துயரோ? எபிக்டெட்டசும் வள்ளலாரும்

மக்கட் பிறவிக்குத் துன்பம் இயல்பு. அத்துன்பம் இருவகைப்படும். ஒன்று நமக்கு நேர்வது. மற்றொன்று நம் கண்முன் பிறர்க்கு நேர்வது. தனக்கு நேர்ந்த துன்பத்தை எவ்வாறு தாங்குவது என்பதுபற்றி உலகத்து ஞானியர் பலர் பேசியிருக்கின்றனர். பிறர்க்கு நேர்ந்த துன்பத்தைக் கண்டு நிற்பவன் என் செய்தல் வேண்டும்? அதனைத் தன் நெஞ்சினுள் புகவிடலாமா? வாயிற்படியிலேயே நிறுத்திவிடலாமா? இவ்வினாவிற்கு நேர்மாறான விடை பகர்ந்த இருவரை ஈண்டு ஒப்பிட்டு நோக்குதல் என் கருத்து. ஒருவர் கிரேக்க மொழியிற் போதித்த எபிக்டெட்டஸ். மற்றொருவர் நம் இராமலிங்க வள்ளலார்.

இவ்விருவர் பிறப்பிற்கும் இடையே பதினேழு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கிடக்கிறது. நாடு வேறு, மொழி வேறு, சமயம் வேறு. இவர்களை ஒருங்கே வைத்துப் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இருவரும் பொருளை நாடாதவர். இருவரும் எளிய வாழ்வே வாழ்ந்தவர். இருவரும் மக்கள் யாவரும் ஒரே கடவுளின் வழிவந்தோர் என்று ஐயமின்றி நம்பியவர். அடித்தளம் ஒன்றாயிருக்க, அதன்மேல் எழுந்த வீடுகள் வேறாயின. அவ்வேறுபாடு எங்ஙனம் விளைந்தது என்பதை அறிந்தால், தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் நமக்குப் பெரும்பயன் உண்டு.

எபிக்டெட்டஸ் கி.பி. 50-ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய துருக்கி நாட்டைச் சேர்ந்த ஹீராபோலிஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். உரோமாபுரியில் அடிமையாக வாழ்ந்தவர். அவரை உடைமையாகக் கொண்டிருந்த எபாப்ரோடிட்டஸ் என்பவனும் முன்னாள் அடிமையே. நீரோ மன்னனிடம் பணிபுரிந்து செல்வாக்குப் பெற்றவன். எபிக்டெட்டசுக்குக் கால் ஊனம். ஆண்டான் ஒருநாள் அவர் காலை முறுக்கினான் என்றும், இப்படி முறுக்கினால் ஒடிந்துவிடும் என்று அவர் அமைதியாகக் கூறினார் என்றும், ஒடிந்தபின் நான் அப்போதே சொன்னேனன்றோ என்று மட்டும் சொன்னார் என்றும் ஒரு கதை பண்டைக்காலந்தொட்டு வழங்கி வருகிறது. கதை மெய்யோ பொய்யோ, அவருடைய கொள்கை முழுவதும் அதனுள் அடங்கியிருக்கிறது.

அக்கொள்கைதான் யாது? உலகிலுள்ள பொருள்களை அவர் இரண்டாகப் பிரித்தார். நம் எண்ணம், விருப்பு, வெறுப்பு, முயற்சி ஆகியவை நம் வசத்தில் உள்ளவை. உடல், செல்வம், புகழ், பதவி ஆகியவை நம் வசத்தில் இல்லாதவை. முதல்வகையில் மட்டும் நன்மை தீமை உண்டு. இரண்டாம் வகையில் இல்லை. காலிலே விலங்கு பூட்டலாம். உள்ளத்தின் தெரிவுக்கு விலங்கு பூட்ட எவராலும் இயலாது. மக்களைக் கலங்கச் செய்வன நிகழ்ச்சிகள் அல்ல. அந்நிகழ்ச்சிகளைப்பற்றி அவர்கள் கொள்ளும் எண்ணங்களே. இஃது அவர் நூலின் உயிர்நாடி. அவர் தம் கையால் ஒன்றும் எழுதினாரல்லர். டொமிஷியன் மன்னன் தத்துவ ஆசிரியர்களை நாடுகடத்தியபோது அவர் கிரேக்க நாட்டு நிக்கோபோலிஸ் நகரிற் பள்ளி நிறுவினார். அங்குப் பயின்ற அர்ரியன் என்னும் மாணவர் கேட்டவற்றை எழுதி வைத்தார். பிற்காலத்தில் உரோமப் பேரரசனாகிய மார்க்கஸ் அவுரேலியஸ் அவ்வுரைகளைப் படித்துப் பயன்பெற்றான். அடிமையாயிருந்தவன் அரசனுக்கு ஆசிரியனாவது வரலாற்றில் எளிதிற் காணற்கரியது.

இக்கொள்கையின் வலிமையை எவரும் மறுத்தற்கியலாது. 1965-ஆம் ஆண்டில் வியட்னாமிற் சிறைப்பட்டு, ஏழு ஆண்டுகளுக்கு மேலாகச் சித்திரவதையும் தனிச்சிறையும் அனுபவித்த ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்னும் அமெரிக்கக் கடற்படை விமானி, தம்மைக் காத்தது எபிக்டெட்டசின் உபதேசமே என்று பின்னாளில் எழுதினார். தனக்கு நேர்ந்த கொடுமையைத் தாங்குவதற்கு இதனினும் சிறந்த கவசம் கிடைப்பது அரிது.

ஆனால் பிறர் துன்பத்தைப்பற்றி எபிக்டெட்டஸ் கூறுவதென்ன? மகனைப் பிரிந்தோ பொருளை இழந்தோ ஒருவன் அழக் கண்டால், அவனை வருத்துவது நிகழ்ச்சியன்று, அதுபற்றி அவன் கொண்ட எண்ணமே என்று உடனே நினைத்துக்கொள் என்கிறார். வாய்ச்சொல்லால் அவனுக்கு ஆறுதல் கூறலாம். வேண்டுமாயின் அவனோடு சேர்ந்து அழவுஞ் செய்யலாம். உள்ளுக்குள் மட்டும் அழுதுவிடாதே என்பது அவர் எச்சரிக்கை. பிறன் துயரம் நம் மனக்கோட்டையின் மதில்வரை வரலாம். உள்ளே வருதல் கூடாது.

இதனாற் கல்நெஞ்சர் என்று அவரைப் பழித்தல் நேர்மையாகாது. அடிமை ஒருவன் வெந்நீரை ஆறவைத்துக் கொண்டுவந்தான் என்று சினங்கொள்ளும் செல்வனை நோக்கி, அவனும் உன்னைப்போற் கடவுளின் வழிவந்தவன், உன் உடன்பிறந்தான், அவனைப் பொறுத்துக்கொள்ளலாகாதா என்று கேட்டவர் அவர். நான் அவனை விலைக்கு வாங்கியிருக்கிறேனே, பத்திரம் இருக்கிறதே என்று செல்வன் விடையிறுத்தால், நீ செத்துப்போனவர்களின் சட்டத்தைப் பார்க்கிறாய், கடவுளின் சட்டத்தைப் பார்க்கவில்லை என்றார். அடிமையின் வாயிலிருந்து பிறந்த இவ்விடைக்கு நிகர் எது? ஆயினும் ஒன்று நோக்குக. ஆண்டானிடம் அவர் கேட்டது பொறுமை. பத்திரத்தைக் கிழித்தெறி என்று அவர் கேட்டாரல்லர். விலங்கு தீமையன்று என்று கொண்டவர்க்கு அதனை ஒடிக்க வேண்டிய அவசரமும் இராதன்றோ?

இனி வள்ளலாரிடம் வருவோம். 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரிற் பிறந்தவர் இராமலிங்கர். சென்னையில் வளர்ந்து, பின்னர்த் தென்னார்க்காட்டுக் கருங்குழியில் தங்கினார். 1865-இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரிலே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் அளித்த ஏறக்குறைய 80 காணி நிலத்தில் அடுப்பு மூட்டப்பட்டது. சாதி சமயம் கேளாமற் பசித்தவர்க்கெல்லாம் சோறு இடப்பட்டது. அன்று ஏற்றிய நெருப்பு இன்றுவரை அணையாமற் காக்கப்பட்டு வருகிறது. நம் முன்னோரிற் பலர் அந்தத் தென்னார்க்காட்டினின்றும், அதுபோன்ற வறண்ட மாவட்டங்களினின்றும் பசியாற் கப்பலேறி மலாயாவிற்கு வந்தவரே. ஆகலின், அவர் பேசிய பசி நமக்குப் புத்தகத்துச் செய்தியன்று, குடும்ப வரலாறு.

நீரின்றி வாடிய பயிரைக் கண்டும் உள்ளம் நலிந்தவர் வள்ளலார். அவர் வகுத்த அறத்திற்குச் சீவகாருண்ய ஒழுக்கம் என்பது பெயர். அப்பெயராலேயே அவர் ஓர் உரைநடை நூலும் எழுதினார். உயிர்களுக்கு வரும் துன்பத்தைக் கண்டபோது நம் உள்ளம் உருகுவானேன் என்று அதில் அவர் ஆராய்கிறார். உயிர்கள் யாவும் ஒரே கடவுளால் ஆக்கப்பட்டவை. ஆகலின் அவை உடன்பிறப்புக்கள். உடன்பிறந்தான் ஒருவன் துன்புறக் கண்டால் மற்றவன் உருகுவது உரிமையின்பாற்பட்டது. அவ்வுருக்கம் இல்லாதவர்க்கு ஆன்ம அறிவு என்னும் கண் ஒளி மழுங்கிப்போயிற்று என்று கொள்க என்கிறார்.

எபிக்டெட்டசுக்கு விடைபோல அமைந்த பகுதி ஒன்றும் அந்நூலில் உளது. பசியும் நோயும் உடலுக்கும் மனத்திற்கும் உரியவை. ஆன்மாவை அவை தீண்டா. ஆகலின் அவற்றுக்காக இரங்குதல் வேண்டா என்று வாதிப்போர் உண்டு. அவர்க்கு வள்ளலார் மூக்குக்கண்ணாடியை உவமை காட்டுகிறார். கண் மங்கியவன் கண்ணாடி அணிந்து பார்க்கிறான். துயரக்காட்சி கண்டபோது நீர் சொரிவது எது? கண்ணன்றோ? கண்ணாடி நீர் சொரிய அறியுமோ? மனமும் புலன்களும் கண்ணாடி போன்றவை. உண்மையில் துன்பம் நுகர்வது உள்ளிருக்கும் ஆன்மாவே. கல்லாலும் மண்ணாலும் கட்டிய வீடு இன்பதுன்பம் அறியாது; வீட்டுக்கு உடையவனே அறிவான். உடலாகிய வீடும் அத்தகையதே.

விதியைச் சொல்லித் தப்பித்துக்கொள்வாரையும் அவர் விடவில்லை. முன்வினையால் ஒருவன் பசிக்கிறான், அவனுக்குச் சோறிடுவது கடவுள் ஆணைக்கு மாறன்றோ என்பது அவர்கள் வாதம். வள்ளலார் விடை எளியது. பெருங்குற்றம் புரிந்து விலங்கு பூண்டு சிறையிலிருப்பவனுக்கும் அரசன் தன் ஏவலாளரைக் கொண்டு உணவளிக்கிறான். அரசனுக்குள்ள கருணை கடவுளுக்கு இல்லையா? தலைவிதி என்னும் ஒரு சொல்லால் எத்தனை தலைமுறைகளை நாம் பட்டினி போட்டிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பார்க்கு இவ்விடையின் அருமை விளங்கும்.

இப்போது இருவர் வழிகளும் பிரியும் இடத்தைக் காண்போம். எபிக்டெட்டசுக்குப் பசி தீமையன்று. பசிக்கு அஞ்சி இழிசெயல் புரிவதே தீமை. வள்ளலார்க்கோ பசி வெறும் உடல்வருத்தமன்று. பசி மிகுந்தால் அறிவு மயங்குகிறது, நினைவு தடுமாறுகிறது, கடவுள் விளக்கம் மறைகிறது என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். எந்த உள்ளத்தைக் கோட்டை என்று எபிக்டெட்டஸ் நம்பினாரோ, அந்தக் கோட்டையின் அடிக்கல்லையே பசி பெயர்த்துவிடும் என்பது வள்ளலார் கண்ட உண்மை. காவலன் பட்டினி கிடந்தால் கோட்டை யாது செய்யும்? கால் ஒடிந்தும் கலங்காத எபிக்டெட்டஸ் ஆயிரத்தில் ஒருவர். எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதின்மரின் கதி யாது? கிரேக்க ஞானி அந்த ஒருவனுக்கு வழி காட்டினார். வடலூர்த் துறவி எஞ்சியவர்களுக்கு அடுப்பு மூட்டினார்.

இவ்வாராய்ச்சி நம் மண்ணில் எங்ஙனம் பொருந்தும்? யான் தோட்டத்துக் கிராணி. ஆங்கில வழியிற் கற்றவனாகலின் எபிக்டெட்டசை முன்னும் வள்ளலாரைப் பின்னும் படித்தவன். கிராணி என்பவன் நிருவாகத்திற்கும் தொழிலாளிக்கும் நடுவே நிற்பவன். இன்று வேலைக்கு வராதவர் யார், எவர் வீட்டில் நோய், எவருக்குச் சம்பளத்தினும் பிடித்தம் மிகுந்தது என்பவையெல்லாம் முதலில் அவன் மேசைக்கே வரும். வந்தவை எண்களாக மாறிக் கணக்கில் ஏறும். இந்தத் தொழிலுக்கு, வாயால் ஆறுதல் சொல், உள்ளுக்குள் அழாதே என்னும் உபதேசத்தினும் வசதியான உபதேசம் வேறில்லை. வசதியாயிருப்பதனாலேயே அதனை ஐயுறுதல் வேண்டும்.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை நேயர்கள் கேள்வியுற்றிருப்பர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முற்றுப்புள்ளி ஆகியவை தொழிலாளர் கேட்டவற்றுட் சில. அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. வெள்ளைத் துரையையோ தோட்டத்து ஆசிய உத்தியோகஸ்தரையோ எதிரே கண்டால் தொழிலாளி சைக்கிளினின்றும் இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. அந்த உத்தியோகஸ்தருட் கிராணிமாரும் அடங்குவர். போராட்டத்தில் முன்னின்ற ஆர்.எச். நாதன் மே மாதம் 5-ஆம் நாள் சிறைப்படுத்தப்பட்டார். பின்னர் இந்தியாவிற்கு நாடுகடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி முழங்கியது, தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர்.

சைக்கிளினின்றும் இறங்குவதால் ஆன்மாவிற்கு என்ன குறை என்று எபிக்டெட்டசின் மாணவன் கேட்கக்கூடும். இறங்குவது உடல்தானே, உள்ளம் இறங்கவில்லையே என்பான். அத்தொழிலாளரின் விடை வேறு. அவர்கள் உள்ளம் இறங்காததனாலேயே, உடலும் இறங்குதலாகாது என்றனர். அகவிடுதலை அவர்களிடம் இருந்தது. ஆனால் அஃது அகத்தோடு அடங்கி நிற்க மறுத்தது. நாதனோ பத்திரிகைத்துறையிலிருந்தவர், பால்வெட்டும் கத்தி பிடித்தவரல்லர். அவர் சைக்கிளினின்றும் எவரும் அவரை இறக்கினாரல்லர். பிறர் துயர் மதிலைக் கடந்து உள்ளே நுழைந்ததனாலன்றோ அவர் சிறை புகுந்தார்?

ஈண்டு வள்ளலார் நெறியையும் ஒரு கேள்வி கேட்டல் தகும். அத்தொழிலாளர் கேட்டது கஞ்சியன்று, உரிமை. பசித்தவனுக்குச் சோறிட்டால் மட்டும் போதுமா? நாளையும் அவன் பசிப்பானே! பசியையும் கொலையையும் நீக்குதலே தலைமையான காருண்யம் என்றும், பிணி, அச்சம், வறுமை முதலியவற்றை நீக்குதல் அதற்கு அடுத்தபடி என்றும் வள்ளலார் வகுத்தார். பசியாற் சாகக்கிடப்பவனிடம் முதலிற் சோற்றோடு செல்லுதல் முறையே. ஆனால் அடுப்பில் தொடங்கிய இரக்கம் அங்கேயே நின்றுவிடுதலாகாது. அது கணக்குப் புத்தகம்வரை வந்தாக வேண்டும். இவன் ஏன் பசிக்கிறான் என்று கேளாத இரக்கம் பாதிக்கண் திறந்த இரக்கமே. இதனை வள்ளலார்க்கு எதிராகச் சொல்லவில்லை. அவர் காட்டிய கண்ணை முற்றும் திறக்கவேண்டும் என்றே சொல்லுகிறேன்.

பிறர் துயரையெல்லாம் உள்ளே விட்டால் மனிதன் மூழ்கிப்போவானே, அழுதுகொண்டிருக்கும் மருத்துவனால் நோயாளிக்கு என்ன பயன் என்று ஒரு தடை எழலாம். நியாயமான தடை. விடை வடலூரில் இருக்கிறது. வள்ளலார் அழுதுகொண்டு உட்கார்ந்தாரல்லர். நிலம் பெற்றார், அடுப்பு மூட்டினார், அரிசிக்கு வழி தேடினார். கைக்கு வேலை கொடுக்கும் கண்ணீர் எவரையும் மூழ்கடிப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீதிகளிற் கைக்கோல் ஊன்றி நடக்கும் பார்வையற்றோரைக் கண்டு, ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே நடைபாதையை மறித்து மோட்டார் வண்டியை நிறுத்துவோர் உளர். அவர் இரக்கம் வாயோடு நின்ற இரக்கம். வண்டியை எடுத்துவிட்டு வழிவிடுபவன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

எபிக்டெட்டசின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. நெடுங்காலம் தனியே வாழ்ந்த அவர், முதுமையில், வறுமையாற் கைவிடப்பட இருந்த நண்பரின் குழந்தையை ஏற்று, அதனை வளர்க்க ஒரு பெண்ணையும் துணைக்கொண்டார் என்று பிற்கால உரையாசிரியராகிய சிம்ப்ளிசியஸ் எழுதிவைத்துள்ளார். அக்குழந்தையின் நிலை தீமையன்று, அதுபற்றிய எண்ணமே தீமை என்று அவர் தத்துவம் பேசிக்கொண்டிருக்கவில்லை, கையை நீட்டினார். அக்கணத்தில் நிக்கோபோலிசும் வடலூரும் வெகுதூரத்தில் இல்லை.

ஆகவே இவ்விருவருள் ஒருவரை ஏற்று மற்றவரைத் தள்ளுதல் வேண்டா. மருந்து இரண்டும் நல்லவை. உண்ண வேண்டியவன்தான் வேறு. தன் துன்பத்திற்கு எபிக்டெட்டசின் பொறுமை. பிறன் துன்பத்திற்கு வள்ளலாரின் உருக்கம். இஃது அறத்தின் முறை. உலக நடைமுறையோ இதனைத் தலைகீழாக்கிவிட்டது. தனக்கு ஒரு சிறுமுள் தைத்தால் உலகமே உருக வேண்டும் என்கிறோம். பிறன் காலில் விலங்கு பூட்டியிருந்தால் பொறுத்துக்கொள், எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது என்கிறோம். எபிக்டெட்டஸ் அடிமையாயிருந்து தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட சொல்லை, ஆண்டான் எடுத்து அடிமைக்குச் சொன்னால் அது ஞானமாகாது, இன்னொரு விலங்கேயாகும்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல அழிந்து குடியிருப்புக்களாயின. எஞ்சியவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. நம் பாட்டனும் பாட்டியும் வாழ்ந்த லயங்களில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் வாழ்கின்றனர். அவர்களும் கடன்பட்டுக் கடல் கடந்தோரே. அவர்களுக்கும் ஊரிற் பிள்ளைகள் உண்டு. அவர்களைப்பற்றி நம்மவரே சொல்லக் கேட்பதென்ன? அவன் விரும்பித்தானே வந்தான்; ஒப்பந்தத்திற் கையெழுத்து இருக்கிறதே! நேயர்களே, பத்திரம் இருக்கிறதே என்று சொன்ன உரோமச் செல்வனின் குரல் அன்றோ இது? அக்குரலுக்கு எபிக்டெட்டஸ் அன்றே விடை தந்தார். நம் முன்னோரும் ஒரு காலத்தில் ஒப்பந்தச் சீட்டில் கைந்நாட்டு வைத்தவரே. அந்தச் சீட்டைக் காட்டியே அவர்கள் வாயும் அடைக்கப்பட்டது.

மொழி ஒன்றாயிருந்தால் இரங்குவேன், சாதி ஒன்றாயிருந்தால் இரங்குவேன் என்பது சீவகாருண்யமாகாது. தருமச்சாலையின் வாயிலில் நின்றவனை, நீ யார் என்று வள்ளலார் கேட்டாரல்லர். பசிக்கிறதா என்பதொன்றே கேள்வி. நம் பக்கத்து லயத்தில் வாழும் அயல்நாட்டுத் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் தவறு கண்டால் அதனைச் சொல்லும் நா நமக்கு வேண்டும். அவன் நோயுற்றால் மருத்துவமனைவரை உடன்செல்லும் கால் வேண்டும். அவன் நம் எதிரே வரும்போது தலைகுனிந்து ஒதுங்கி நின்றால், நிமிர்ந்து நட அண்ணே என்று சொல்லும் உள்ளம் வேண்டும். கண்ணாடி அழாது, கண்தான் அழும். நாம் எது என்பதை நாமே முடிவு செய்துகொள்வோமாக.